வானொலிப் பாடமும் கூட்ஸ் வண்டியும்

எர்ணாவூரில் சுனாமிக்குப் பிறகு எழுந்த குடியிருப்புக்கு அகில இந்திய வானொலி நகர் என்று பெயர். அந்தப் பக்கம் போனாலே பள்ளி ஒலிபரப்பு ஞாபகம் வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி. ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு வால்வு ரேடியோ. திருகியதும் பேசாது. வால்வு சூடேறி, முகப்பிலுள்ள பச்சைக் கண் மெல்ல ஒடுங்கிய பிறகுதான் சென்னை நிலையம் பிடிபடும். 1938-லேயே தொடங்கிய நிலையம். பாடத்தை நாடகமாகவே போடுவார்கள். மழை கொட்டும், குதிரை ஓடும், ராஜா இருமுவார். வராந்தாவில் சம்மணம் போட்டுக் கேட்போம். நடுவில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் எர்ணாவூர் கேட்டைக் கடக்கும். பாதிப் பாடம் போச்சு.

எங்களுக்கு அதுதான் லாபம். மிச்சத்தை வாத்தியார் சொல்லியாக வேண்டுமே! ஒருநாள் கடல் நீரோட்டம் பற்றிய பாடம். வண்டி ஓய்வதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. "குப்பத்துப் பசங்க யாருடா இருக்கீங்க?" என்றார். கடைசி வரிசையில் தூங்கிவழியும் ஒருத்தன் எழுந்தான். வடக்கேயிருந்து தெற்கே இழுத்தால் வன்னி, தெற்கேயிருந்து வடக்கே போனால் தெண்டி என்றான். "எங்கப்பா கட்டுமரத்துல உக்காந்தபடியே சொல்லிடுவாரு சார்." வாத்தியார் சாக்பீஸை அவனிடம் நீட்டினார். கரும்பலகை முழுக்க அம்புக்குறி போட்டான்.

1984-ல் தூர்தர்ஷனில் யு.ஜி.சி.யின் கல்வி நிகழ்ச்சி வந்தது. அது பேசிய ஆங்கிலம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் எட்டவில்லை. ஆன்டெனாவைத் திருப்பிப் படம் தெளிவாக விழுகிறதா என்று பார்க்கத்தான் உதவியது.

2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. மறுவருடம் பள்ளிகள் பூட்டிக்கிடந்தபோது, அதில் பாடம் தமிழில் வீட்டுக்கே வந்தது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா ஷிஃப்டுக்கு எடுத்துப்போன வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு டிவியே கதி!

இப்போது பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கட்டம். போனைக் காட்டினால் இதயம் துடிக்கிறது, எரிமலை வெடிக்கிறது. தம்பி பேத்தி நீரோட்டப் பாடத்தை அப்படித்தான் பார்த்தாள். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, அழகாக வளைந்து ஓடின. வன்னி, தெண்டி தெரியுமா என்றேன். பரீட்சைக்கு வராது தாத்தா என்றாள். அவள் வகுப்பிலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. எழுப்பிக் கேட்க டீச்சருக்கும் ஆசைதானாம். சிலபஸ் முடிய வேண்டுமே.