காலடியில் வேதியியல்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஒரு மாதம் குடும்பத்தோடு கூடி விவாதிப்பவர்கள், தரைக்கு என்ன கல் போடுவது என்பதைக் கடையில் நின்றபடியே ஒரு மாலையில் முடிவு செய்து விடுகிறார்கள். சுவரை நாம் பார்க்க மட்டும் செய்கிறோம். தரையிலோ நடக்கிறோம், அமர்ந்து உண்கிறோம், கோடையில் பாய்கூட விரிக்காமல் படுத்து உறங்குகிறோம். வண்ணம் பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிக் கொள்ளலாம். பதித்த கல்லைப் பெயர்க்க எத்தனை பேரால் முடியும்?

இதைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் தாயார் பதினைந்து ஆண்டுகளாகப் பிறர் வீட்டுத் தரைகளைத் துடைத்து வருபவர். அந்த வருவாயில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி கல்லூரிப் படி ஏறினாள். ஆகவே தரையைப் பற்றி நான் அறிந்ததில் பாதி நம் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. மீதிப் பாதி அம்மா சொன்னது.

கடையில் கல்லுக்கு நூறு பெயர்கள் உண்டு. வேதியியல் மாணவருக்கோ பெரும்பாலும் இரண்டே இனம். ஒன்று சுண்ணாம்பு இனம். இராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வரும் சலவைக்கல், நம் சமையல் மேடையிலும் அலமாரித் தட்டிலும் கறுப்பாக அமர்ந்திருக்கும் கடப்பைக்கல், கோட்டாக்கல், கர்நாடகத்து ஷாகாபாத் கல் ஆகிய யாவும் இதில் அடங்கும். நிறம் வேறு, விலை வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டுதான். மற்றது சிலிக்கா இனம். குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் கலந்த கிரானைட்டும், நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் பிற கற்களும் இதைச் சேர்ந்தவை. கறுப்பு கிரானைட் என்று விற்கப்படும் கல் புவியியலார் கணக்கில் கிரானைட்டே அன்று. ஆனால் வீடு கட்டுபவருக்கு அந்த வழக்கு வேண்டியதில்லை. பல்லாவரத்துக் கல்லின் கதை அதைவிட வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைப் பலகையை ஆராய்ந்த ஹாலந்து என்னும் அறிஞர், 1893-இல் அந்தக் கல்வகைக்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் வெள்ளைக்காரருடையது!

முதலாண்டு செய்முறை வகுப்பில் நாம் அனைவரும் செய்த சோதனை நினைவிருக்கும். உப்பின் மீது நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். கார்பனேட் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். சலவைக்கல் தரையிலும் நடப்பது அதுவே. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். 44 கிராம் கரியமில வாயு வெளியேறும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், புளியின் டார்டாரிக் அமிலம், மோரின் லாக்டிக் அமிலம் ஆகியவை இவ்வளவு வேகம் காட்டா. ஆனால் மெருகைக் கெடுக்க அவற்றாலும் முடியும். அவ்வாறு கெட்ட இடம் மங்கலாகத் தெரியும். அது கறை அன்று, அரிப்பு. கறையை எடுக்கலாம். அரிப்பை எவ்வளவு துடைத்தாலும் போகாது, மறுபடி மெருகேற்றத்தான் வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாததால் அம்மாவின் சம்பளத்தில் பாதி போயிற்று. அவர் வேலை செய்த ஒரு வீட்டில் வளைகாப்பு நடந்தது. மறுநாள் கூடத்துச் சலவைக்கல்லில் ஏழெட்டு இடங்களில் மங்கல் விழுந்திருந்தது. குளியலறைக்குக் கொடுத்த ஆசிட்டை அம்மா கூடத்திலும் ஊற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்து, அந்த மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக் கொண்டார்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். கல்லூரிக்கு வந்து கார்பனேட் சோதனை செய்த அன்று மாலைதான் அம்மாவிடம் விவரமாக விசாரித்தேன்.

"அந்தத் தடம் எப்படிம்மா இருந்துச்சு? துணியால இழுத்த மாதிரியா?"

"இல்ல கண்ணு, வட்ட வட்டமா இருந்துச்சு. வளையம் மாதிரி."

ஆசிட் நனைந்த துணியால் துடைத்திருந்தால் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். வளையமாக விழ வேண்டுமானால் அங்கே டம்ளர்தான் இருந்திருக்க வேண்டும். விருந்தினருக்கு அன்று கொடுத்தது எலுமிச்சைச் சாறு! இதைச் சொன்னபோது நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி அம்மாவின் முகத்தில் வரவில்லை. "இப்பப் போயி டம்ளர் அடியை அளந்தா பார்ப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். நிரூபணம் கையில் இருந்தும் எடுத்துச் சொல்ல இடமில்லை என்பதை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

கல் வாங்கப் போகிறவர்கள் ஒரு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கினால் சுண்ணாம்பு இனம். கருங்கல் இதற்கு அசையாது. நம் கோயில் மூலவர்களைப் பாருங்கள்; தயிரும் பழச்சாறும் பஞ்சாமிர்தமுமாக நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் ஏற்றும் முகம் கெடவில்லை. சலவைக்கல்லில் செதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேதியியல் மாணவர் எவரும் கணக்குப் போடலாம்.

அமிலத்திற்கு அடுத்த பகை மணல். மோஸ் என்பவர் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. தெருமணலில் மிகுதியாக இருப்பது குவார்ட்ஸ். செருப்போடு உள்ளே வரும் மணல் ஒவ்வொரு அடியிலும் சலவைக்கல்லைக் கீறுகிறது. ஆகையால் வாசலில் போடும் மிதியடியும், துடைப்பதற்கு முன் கூட்டுவதும் எந்த விலையுயர்ந்த மெருகுத் திரவத்தையும்விட மேலானவை. கூட்டாமல் ஈரத்துணி போட்டால், மணலை வைத்துத் தேய்த்த கதைதான்.

ஆழ்குழாய் நீரின் வெள்ளைப் படிவம் இன்னொரு தொல்லை. அதைப் போக்க அமிலம் ஊற்றுகிறார்கள். அந்தப் படிவமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சலவைக்கல்லும் அதுவே. எது அழுக்கு, எது தரை என்று அமிலத்துக்கு எப்படித் தெரியும்? நீரைத் தேங்க விடாமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே வழி. சோப்பு நீர்கூட மிதமானதாக இருக்கட்டும். எண்ணெய் சிந்தினால் முகப்பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டால் ஓரளவு உறிஞ்சிக் கொள்ளும். தாஜ்மகாலின் மஞ்சள் படிந்த சலவைக்கல்லுக்குத் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசுவதும் ஏறத்தாழ இதே முறைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று நினைத்து வேலைக்கு வருபவரிடம் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. கதவடைத்த குளியலறையில் குனிந்து அந்த வாயுவை மூச்சில் வாங்குபவர் வீட்டுக்காரர் அல்லர்.

இந்த ஆண்டு எங்கள் ஓட்டு வீட்டை இடித்து இரண்டு அறைகள் கட்டினோம். "பொண்ணு காலேஜ் படிக்கிறா, நாலு பேரு வந்து போவாங்க, வெள்ளையா மார்பிள் போட்டுடலாம்" என்றார் அப்பா. கடன் வாங்கவும் தயாராக இருந்தார். நான் கால்சியம் கார்பனேட்டைப் பற்றித் தொடங்குவதற்குள் அம்மா முடித்துவிட்டார்: "வெள்ளைத் தரையெல்லாம் ஆள் வெச்சுத் துடைக்கிறவங்களுக்குங்க. நான் இங்க வந்தும் துடைச்சுக்கிட்டே இருக்கணுமா?"

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் உண்டு. ஓரம் வெட்டிய துண்டுக் கற்கள் அங்கே குவிந்து கிடக்கும். ஒரு டிராக்டர் சாம்பல் நிறத் துண்டுகள் வாங்கினோம். கழுவுமிடத்துக்கு மட்டும் மெருகேற்றாத சொரசொரப்பான துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தார் அம்மா. மெருகேறிய கல்லில் ஈரம் பட்டால் வழுக்கும். அளவும் கனமும் ஒன்றுபோல் இல்லை என்று மேஸ்திரி நாள் முழுவதும் முணுமுணுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ரசமட்டம் வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி உட்கார வைத்தார். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது பொருந்தும் என்று காட்டியவர் அம்மாதான். வாசற்படியருகே மட்டும் சற்றுச் செந்நிறமான ஒரு பெரிய துண்டை வைக்கச் சொன்னார். காரணம் கேட்டால், நன்றாயிருக்கிறது என்றார்.

இடுக்குகளில் சிமெண்ட் பால் ஊற்றி ஈரச்சாக்கு போர்த்தியிருக்கிறோம். ஏழு நாட்கள் நடக்கக் கூடாது என்பது மேஸ்திரியின் கட்டளை. இன்று நான்காம் நாள். சமையல் வாசலில்தான் நடக்கிறது.