குப்பை கேம் வந்தால் கம்பனி மூடுமா?



போன கிழமை தரம் 9 பிள்ளை ஒருவன் கேட்டான்: "சேர், இப்ப வாற கேம் எல்லாம் குப்பை. விளம்பரம்தான் கூட. இப்படியே போனா கம்பனியெல்லாம் மூடிருவாங்களா?"

சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு தடவை அப்படி நடந்துதான் இருக்கிறது. 1983இல், அமெரிக்காவில்.

அப்போது அங்கே வீட்டுக்கு வீடு அட்டாரி. கார்ட்ரிட்ஜைச் செருகி டிவியில் விளையாட வேண்டும். அட்டாரியை விட்டு வெளியேறிய சிலர் 1979இல் அக்டிவிஷனைத் தொடங்கி நல்ல கேம்கள் செய்தார்கள். அதைப் பார்த்து யார் யாரோ இறங்கினார்கள். ஓட்ஸ் விற்கிற குவேக்கர் கம்பனிகூடக் கேம் போட்டது! நாய்த் தீனியை விளம்பரப்படுத்தவும் ஒரு கேம் வந்தது.

ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.டி.' படத்தை வைத்து 1982 நத்தாருக்கு அட்டாரி ஒரு கேம் விட்டது. செய்து முடிக்கக் கொடுத்தது ஐந்து கிழமைதான். விற்காமல் மிஞ்சியதில் ஒரு பகுதியை வேறு கேம்களோடு சேர்த்து நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியும் எடுத்தார்கள்.

அந்த ஒரு கேம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைக்காரர்கள் தட்டு நிறையச் சரக்கை அடுக்கியிருந்தார்கள். விற்காததைத் திருப்பிக் கொடுக்கப் போனால் சின்னக் கம்பனிகளிடம் காசில்லை; சில மூடியே விட்டன. அதனால் 35 டொலர் கேமை 5 டொலருக்குக் கொட்டி விற்றார்கள். பக்கத்தில் 5 டொலருக்குக் கிடக்கும்போது நல்ல கேமை யார் முழு விலைக்கு வாங்குவார்? சுமார் 3 பில்லியன் டொலர் வியாபாரம் இரண்டே வருடத்தில் 100 மில்லியன் அளவுக்கு விழுந்தது. (ஜப்பானுக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்டென்டோ ஃபமிகொம் வெளிவந்ததே அதே 1983இல்தான்.)

இன்று ஸ்டீமில் 100 டொலர் கட்டினால் யாரும் கேம் போடலாம். 2024இல் மட்டும் 18,000க்கு மேல் வந்தன. பெரும்பாலானவற்றை யாரும் திறந்தும் பார்ப்பதில்லை. ஆனால் தட்டும் இல்லை, தேங்கும் சரக்கும் இல்லை. ஃபோன் கேமோ இலவசம். ஏமாந்தோம் என்று காசைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

"மூட மாட்டாங்க மகன்" என்றேன். "அந்த நாள்ல குப்பை கேம் செஞ்சவனுக்கு நட்டம் வந்திச்சு. இப்ப அவனுக்கு வாறதில்ல."

"அப்ப யாருக்கு சேர்?"

பதில் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் விளையாடி, எத்தனை விளம்பரம் வருகிறது என்று கொப்பியில் எழுதி வரச் சொன்னேன்.

27. கூட்டிப் பார்த்தோம், பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் வந்தது. அதில் 19 வேறு கேம்களுக்கான விளம்பரமாம். இரண்டை இறக்கியும் வைத்திருக்கிறான்.