எழுதப் பழகும் வழி

ஒரு கலையைப் பொழுதுபோக்காகக் கற்கத் தொடங்குவோர் முதலில் தடுமாறுவது கலையில் அன்று. எவ்வழியில் கற்பது என்னும் தேர்வில்தான். கதை எழுதுதலும் அத்தகைய கலையே. மலாயாத் தமிழர்க்கு 1950களில் அதற்கு இரு வழிகள் திறந்தன.

ஒன்று, 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தொடங்கிய 'கதை வகுப்பு'. மற்றொன்று, 1952இல் அவ்விதழில் பணியாற்றத் தமிழகத்திலிருந்து வந்த கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் நடத்திய இலக்கிய வட்டம்.

பேராக் மாநிலத் தோட்டத்தில் விடியலில் பால்மரம் சீவிய இளைஞனுக்கு இவ்விரண்டும் ஒரே தொலைவில் இருக்கவில்லை. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டபின் 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஊரடங்குக் காலத்தில் தோட்டத்தானுக்குப் பயணம் எளிதன்று. நாளிதழோ லயத்து வாசலுக்கே வந்தது.

ஆயினும் அச்சிட்ட பாடம் கற்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கே அவன் வாக்கியம் தடுக்குகிறது என்பதை எதிரில் அமர்ந்து கேட்பவரே சுட்ட இயலும். எனவே, தொடக்கநிலையினர் கைக்கெட்டும் வழியில் எழுதத் தொடங்குதல் வேண்டும். திருத்துவதற்கு ஒரு கதை கையில் சேர்ந்தபின் திருத்துவோரைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.

'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாயின. பாடங்கள் இன்று கைப்பேசியிலேயே குவிகின்றன. அவற்றுள் எதைத் தெரிவது என மயங்கும் மாணவர், எது தம்மை இன்றே ஒரு பக்கம் எழுத வைக்கிறது என்று பார்த்தல் போதும்.