நடுவே ஒரு துபாஷி

அரபியில் 'தர்ஜுமான்' என்றொரு சொல் உண்டு. இரு மொழியினர் நடுவே நின்று, ஒருவர் கூறுவதை மற்றவருக்கு எடுத்துரைப்பவர் என்பது அதன் பொருள். அச்சொல்லே ஐரோப்பா சென்று 'டிராகொமன்' எனத் திரிந்தது. நம் நாட்டில் அவருக்குத் துபாஷி என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பால் இன்றும் நினைக்கப்படுகிறார். ஆளுநர் ஒருபுறம், ஊர் வணிகர் மறுபுறம். நடுவே துபாஷி இல்லையேல் இருசாராரும் வாயிருந்தும் ஊமையரே.

இச்சொல்லின் அருமையை, ஐம்பதைக் கடந்த இவ்வயதில், ஒரு மடிக்கணினி நமக்குக் கற்பித்தது என்றால் வாசக நேயர்கள் நகைக்கக்கூடும். நடந்ததைக் கூறுகிறோம்.

திருப்பூரில் நாம் அரபுப் பாடம் சொல்லித் தருகிறோம். கற்பித்தலில் 25 ஆண்டுகள் நிறைந்தபோது, பழைய மாணவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு மடிக்கணினியை அன்பளிப்பாகத் தந்தனர். நம் பாடக்குறிப்புகள் யாவும் அதில்தான் உள்ளன. நாளடைவில் அது தளர்ந்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தி வரலாம் என்னும் நிலை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்ததும், நம் எழுத்துகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டு, வழிமுறைகளைப் படித்துப் படித்து, விண்டோஸைப் புதிதாக நாமே நிறுவினோம். பிறர் உதவியின்றிச் செய்தோம் என்ற பெருமிதம் நமக்கு இருந்தது. அது மாலைத் தொழுகை வரைகூட நிலைக்கவில்லை.

திரையில் எழுத்துகள் பருத்துக் கிடந்தன. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலவில்லை. விரலால் தடவும் பலகை அசைவற்றிருந்தது. ஒலி இல்லை. வைஃபை என்னும் பெயரே பட்டியலில் காணோம். முந்தின நாள் வரை இவை யாவும் மெதுவாகவேனும் இயங்கியவைதாம்.

மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டே போச்சுங்க பாய். மாத்தணும்னா பன்னெண்டாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்" என்றார். மாணவர்களின் அன்பளிப்பை நம் கையாலேயே கொன்றுவிட்டோமே என்ற துயரத்துடன் வீடு திரும்பினோம்.

அந்த வாரத்தில் கோவையிலிருந்து ஒரு மாணவர் நம்மைக் காண வந்தார். ஒரு காலத்தில் நம்மிடம் இலக்கணம் பயின்றவர்; இப்போது கணினித் துறையில் இருப்பவர். செய்தியைக் கேட்டவர், மடிக்கணினியில் ஒரு பென் டிரைவைச் செருகினார். அதில் லினக்ஸ் இருந்தது. அதைக் கணினியில் நிறுவாமலே, பென் டிரைவிலிருந்தபடியே இயக்க முடியுமாம். சிறிது நேரத்தில் வேறொரு முகப்பு தோன்றிற்று. அண்டை வீட்டாரின் வைஃபை பெயர்கள் வரிசையாக எழுந்தன. தடவுபலகையில் விரல் வைத்தோம், அம்புக்குறி ஓடிற்று. ஒலியும் வந்தது.

"உஸ்தாத், பொருள் எதுவும் பழுதில்லை. டிரைவர்தான் இல்லை" என்றார்.

டிரைவர் என்றால் நமக்குப் பேருந்து ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். அவர் விளக்கினார். கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி மொழி உண்டு. விண்டோஸுக்கு வேறு மொழி. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று பெயர்த்துச் சொல்லும் சிறு நிரலே டிரைவர். பழையதை முற்றும் துடைத்தபோது அந்த நடுவர்களையும் சேர்த்தே வெளியேற்றிவிட்டோம். லினக்ஸோ இவ்வுறுப்புகளுக்கு வேண்டியவர்களைத் தன்னுடனேயே அழைத்து வந்தது. "அப்படியாயின் துபாஷி என்று சொல், தம்பி" என்றோம்.

மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பி, 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலைத் திறந்தார். அறியப்படாத உறுப்புகளின் அருகே மஞ்சள் முக்கோணமும் அதனுள் ஒரு வியப்புக்குறியும் இருந்தன. அவற்றுள் ஒன்றன் விவரத்தைத் திறந்து, 'ஹார்டுவேர் ஐடி' என்ற பகுதியைக் காட்டினார். இரண்டு அடையாள எண்கள். ஒவ்வொன்றும் நான்கு இலக்கம். முதலாவது அவ்வுறுப்பைச் செய்த நிறுவனத்தைக் குறிப்பது. மற்றது அவ்வுறுப்பையே குறிப்பது. 0 முதல் 9 வரையும், அதன்பின் ஆறு ஆங்கில எழுத்துகளுமாக ஓர் இலக்கத்துக்குப் பதினாறு வடிவம். ஆகவே நான்கு இலக்கத்தில் 65,536 பெயர்கள் அடங்கும். அரபியர் ஒருவரை அவர்தம் பெயரோடு குலத்தையும் சேர்த்து அழைப்பதில்லையா? அதுபோன்றதே. குலமும் பெயரும் தெரிந்தால் உரிய துபாஷியைத் தேடிவிடலாம்.

தேடுவதற்கு இணையம் வேண்டுமே, வைஃபைதான் இல்லையே என்றோம். அவர் தம் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் திருப்பினார். அந்த வழிக்குரிய துபாஷி விண்டோஸுடனேயே வருகிறதாம். இணையம் கிடைத்ததும் விண்டோஸே சிலவற்றைத் தேடி எடுத்துக்கொண்டது. திரையும் ஒலியும் சீராயின. எஞ்சியவற்றை, கணினியின் அடிப்புறத்தில் உள்ள மாதிரி எண்ணைக் கொண்டு, அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து இறக்கினார்.

தடவுபலகைக்குரியதை முதலில் நிறுவுமாறு அவசரப்படுத்தினோம். நிறுவியும் பலகை அசையவில்லை. அவர் புன்னகைத்தார். அப்பலகை ஐ-டூ-சி என்னும் பாதை வழியே பேசுகிறது. தகவலுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என இரண்டே கம்பிகள். 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த முறை. அப்பாதைக்கே முதலில் ஒரு துபாஷி வேண்டும்; அதன் பின்னரே பலகையின் பேச்சு எட்டும். "சர்ஃபு தெரியாமல் நஹ்வுக்குப் போகாதே என்று நீங்கள்தானே சொல்வீர்கள், உஸ்தாத்?" என்றார். சொல்லின் வடிவம் அறியாமல் தொடரிலக்கணம் ஏறாது என்பது நாம் ஆண்டுதோறும் சொல்லும் பாடம். அதை நமக்கே திருப்பித் தந்துவிட்டார். சிப்செட்டுக்கும் பாதைக்கும் உரியவற்றை முதலில் நிறுவினார். பிறகு பலகை இயங்கிற்று. இறுதியில் வைஃபையும் வந்தது. செலவு ஒரு பைசாவும் இல்லை.

போகும்போது ஒன்று சொன்னார். விண்டோஸிலேயே 'பிஎன்பி யூட்டில்' என்றொரு கருவி உள்ளதாம். புதிதாக நிறுவுமுன், அதற்கு ஒரே கட்டளை இட்டால், பின்னர்ச் சேர்க்கப்பட்ட டிரைவர்கள் யாவற்றையும் பென் டிரைவில் படியெடுத்துத் தந்துவிடும். நாம் நம் எழுத்துகளைக் காத்தோம். அவற்றை இயக்கியவர்களை மறந்தோம்.

அவர் சென்ற பின் உறக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தவன் ஒரு சிறுவன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு வங்காளச் சிறுவன் சேர்ந்தான். தகப்பனார் முர்ஷிதாபாத்திலிருந்து இங்குள்ள பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். ஆறு மாதம் அவன் வாய் திறக்கவில்லை. கேட்டால் தரையைப் பார்ப்பான். நாமும் கடைக்காரரைப்போல் இரண்டு நிமிடம் பார்த்தோம்; பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதினோம். பின்வரிசையில் அமர்த்தினோம்.

ஊர் திரும்பும் நாளில் தகப்பனார் அவனை அழைத்துப்போக வந்தார். தமிழும் வங்காளமும் அறிந்த ஒரு தொழிலாளி உடன் வந்திருந்தார். ஏதோ ஓர் எண்ணத்தில், அவர் மூலம் அவனிடம் ஒரு கேள்வி கேட்டோம். சிறுவன் நிமிர்ந்தான். அவ்வாண்டு நாம் நடத்திய பாடத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் மொழியில் ஒப்பித்தான். அத்தொழிலாளிக்குப் பெயர்த்துச் சொல்ல மூச்சு முட்டிற்று. அரைமணி நேரத்தில் அவர்களுக்கு ரயில். போய்விட்டார்கள்.

கணினி தன் உறுப்பின் அருகே மஞ்சள் முக்கோணம் இட்டு, நடுவில் ஆள் இல்லை என்று நமக்கு அறிவித்தது. அச்சிறுவனின் நெற்றியில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. அதைக் காண வேண்டியது ஆசிரியரின் கண். நம் கண் காணவில்லை. கணினிக்கு எப்போது வேண்டுமானாலும் துபாஷியைத் தேடித் தரலாம். பிள்ளையின் ஆறு மாதத்தை எந்தத் தளத்திலிருந்து இறக்குவது?

இவ்வாண்டு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை நம் வகுப்பில் இருக்கிறான். அவனும் பேசுவதில்லை. அவன் மொழி அறிந்த ஒருவரைப் பக்கத்துத் தெருவில் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை வந்துபோகக் கேட்டுக்கொண்டோம். பழைய பதிவேட்டில் நாம் எழுதிய அச்சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அடித்துவிடலாம்தான். ஆயினும் நாம் மறவாதிருக்க அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.