ராசிபுரத்துக் கிணறுகள் வடதுருவம் போன கதை

இணையத்துல ஒரு மேப் போட்டு அதுல நாலு புள்ளி வைக்கறது அஞ்சு நிமிஷ வேலைன்னு யாராச்சும் சொன்னா நம்பிடாதீங்க மக்களே. வைக்கறதுக்கு அஞ்சு நிமிஷம்தான். வெச்ச புள்ளி எங்கே போச்சுன்னு தேடத்தான் ரெண்டு ராத்திரி.

ராசிபுரம் பக்கத்தில் எங்க ஊர். போர் போட ஆரம்பித்த பிறகு கைவிட்ட கிணறுகள் ஏராளம். பாதிக்கு மேல் சுற்றுச்சுவர் கிடையாது. புதர் மண்டி, கிட்டப் போனால்தான் குழியே தெரியும். ரிட்டயர்டு வாத்தியாரான எங்க சித்தப்பா போனும் நோட்டுமாக அலைந்து 63 கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து வைத்திருந்தார். அக்டோபர் 2 கிராம சபையில் மேப்பைக் காட்டி சுவர் கேட்கணும். அக்கா பையன் லீஃப்லெட்டில் (2011-ல் வந்த இலவச மேப் நிரல், ரொம்பச் சின்னது) ஒரு பக்கம் செய்துவிட்டு, "ஓடமாட்டேங்குது மாமா" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

ஃபைலை டபுள் கிளிக் பண்ணினால் மேப் வருது, கிணறு ஒண்ணுகூட இல்லை. கன்சோல் முழுக்கச் சிவப்பு எழுத்து. இப்படி நேரடியாகத் திறக்கும் பக்கம், அதே ஃபோல்டரில் இருக்கும் தரவு ஃபைலைப் படிக்க பிரவுசர் விடாது. பாதுகாப்பாம். பைதானோடு வரும் குட்டி சர்வரை ஓட்டி அது வழியாகத் திறந்தேன். தரவு வந்துவிட்டது. புள்ளி? ம்ஹூம்.

இந்த இடத்தில் பலரும் நிரலை மாத்தி மாத்தி எழுத உட்கார்ந்துடுவாங்க. வேண்டாம். உலகம் முழுக்கத் தெரியும் வரைக்கும் மேப்பைச் சுருக்குங்க. நான் சுருக்கினேன். நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகள் ஓரமாகக் கொத்தாக நிற்கிறது எங்க ஊர்!

ராசிபுரம் சுமார் 11.46 வடக்கு, 78.18 கிழக்கு. திருப்பிப் போட்டால் 78 வடக்கு, 11 கிழக்கு. பனிக்கரடி ஏரியா. ஜியோஜேசான் தீர்க்கரேகையை முதலில் எழுதும். 2016-ல் வந்த ஆர்எஃப்சி 7946 அப்படித்தான் சொல்கிறது. லீஃப்லெட் மார்க்கரோ அட்சரேகையை முதலில் கேட்கும். பையன் எண்களை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தான். ஜியோஜேசானுக்கென்றே லீஃப்லெட்டில் இருக்கும் வசதி வழியாகக் கொடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். படத்தை சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "ஏங்கண்ணு, தண்ணியில்லாத கிணத்தையெல்லாம் ஐஸ்கட்டிக்கா கொண்டுபோய் வெச்சீங்க?" என்றார்.

திருப்பிப் போட்டதும் எல்லாம் ஊர் வந்து சேர்ந்தது. அக்கா வீட்டில் ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் உறுத்தல். எண்ணிப் பார்த்தேன், 58.

ரெண்டு, நாமக்கல் பக்கம் கிடைத்தது. நோட்டில் 11 டிகிரி 28 நிமிஷம் என்று இருந்ததை யாரோ 11.28 என்று தட்டியிருக்கிறார்கள். 28 நிமிஷம்னா 0.467 டிகிரி. ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். கிணறு 20 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது.

மீதி மூணும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே புள்ளி மாதிரி. கட்டம் காலியாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக்கும்போது சத்தமே போடாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். அட்சம் 0, தீர்க்கம் 0, நடுக்கடல். சிவப்பு எழுத்து வந்தாலாவது பரவாயில்லை. இது எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும்.

அந்த மூணில் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதைக் கிணறு. போன வருஷம் ஒரு பையன் சைக்கிளோடு அதன் விளிம்பு வரை போய், முள்ளில் மாட்டியதால் தப்பித்தான். மரத்தடியில் போன் இடம் காட்டவில்லை, அப்புறம் குறிச்சுக்கலாம் என்று விட்ட இடம். மேப்பில் அது இல்லாமல் சபைக்குப் போயிருந்தால், கேட்க ஆளில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா அரிவாளோடு போய்ப் புதரை வெட்டி, வெட்டவெளியில் நின்று எண்களைப் போனில் சொன்னார். தசமத்துக்குப் பிறகு அஞ்சு இலக்கம் கேட்டு வாங்கினேன் (நாலாவது இலக்கமே 11 மீட்டர்!). காலிக் கட்டம் வந்தால் புள்ளி வைக்காமல் பெயரைப் பட்டியலில் காட்டும்படி ரெண்டு வரி சேர்த்தேன்.

சபையில் புரொஜக்டர் எல்லாம் இல்லை, பெரிசாக அச்சடித்த தாள்தான். பாதையோரக் கிணறுகளுக்குச் சுவர் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாதையில் இப்போதைக்கு முள்வேலி கட்டியாச்சு. சித்தப்பா நோட்டில் 64-வது கிணறு ஏறியிருக்கிறது.