ஒரு மணி நேரத்தில் முடிகிற வருடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து மயிலிட்டிக்கு இரண்டு வழி. பலாலி வீதியால் நேரே வடக்கே ஏறலாம். அந்த வீதியில் வசாவிளானுக்கு அப்பால் 35 வருடங்கள் மூடிக் கிடந்த துண்டு 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. நாங்கள் மற்ற வழியைப் பிடித்தோம். காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று போய், கடலைக் கண்டதும் கிழக்கே திரும்புகிற வழி. தூரம் கொஞ்சம் கூட. ஆனால் வடபகுதியின் விளையாட்டுக் கதை முழுவதும் அந்த வீதியின் இரு பக்கத்திலும்தான் கிடக்கிறது.

என்னோடு வந்தவன் அக்காவின் மகன். வட கரோலினாவில் பிறந்து, ராலே நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஓநாய்ப் படம் போட்ட அந்தப் பல்கலைக்கழகத்துச் சிவப்பு ரீசேட்டை வெயில் என்றும் பார்க்காமல் மாட்டியிருந்தான். அவனுடைய தகப்பன், என் அத்தான், மயிலிட்டிக்காரர். 1990இல் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் இருந்தவர். அந்த வருடச் சுற்றுப்போட்டி எப்படி முடிந்தது என்று கேட்டால், "நடக்கேல்ல" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். யூன் மாதம் போரால் ஊரே வெளியேறியது. பிறகு எங்கே போட்டி?

சுன்னாகத்துக்குக் கிழக்கே குப்பிழான், ஏழாலை தாண்டினால் புன்னாலைக்கட்டுவனும் ஈவினையும் வரும். ஈவினைதான் தர்ஜினி சிவலிங்கத்தின் ஊர். 6 அடி 10 அங்குல உயரத்தோடு வலைப்பந்தாட்டத் திடலில் நின்று, 2009இலும் 2018இலும் இலங்கைக்கு ஆசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த அணிகளில் இருந்தவர். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல் போடுநர் என்று பெயர் எடுத்தவர். வீதியில் இன்னும் வடக்கே போனால் தெல்லிப்பழை. அம்பனையில் மகாஜனக் கல்லூரி. அங்கே பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி அகில இலங்கை மட்டத்தில் பல தடவை கிண்ணம் தூக்கியிருக்கிறது. போர் தின்ற பூமியில் பெண்கள் உதைபந்தாட்டம் இப்படி வளரும் என்று முப்பது வருடத்துக்கு முன் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

தெல்லிப்பழையில் யூனியன் கல்லூரி வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி மருமகனுக்கு ஒரு சங்கதி சொன்னேன். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து தங்கிய முதல் இடங்களில் தெல்லிப்பழையும் ஒன்று. அவர்களை அனுப்பிய சபையின் தலைமையகம் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரனில் இருந்தது. அதற்கு 75 வருடம் கழித்து, 1891 டிசம்பரில், அதே மாநிலத்தின் ஸ்பிறிங்ஃபீல்ட் என்ற ஊரில் வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது. நாலு வருடம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை உண்டாக்கினார். அவரும் வை.எம்.சி.ஏ.காரர்தான். கூடைப்பந்தை இங்கிலாந்தில் பெண்களுக்காக மாற்றி எடுத்ததில் வந்தது வலைப்பந்தாட்டம். 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் இருந்த வோல்ரர் கமக் என்பவர் கரப்பந்தாட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991இல் அது நாட்டின் தேசிய விளையாட்டாயிற்று. அத்தான் விளையாடியதும் தர்ஜினி விளையாடியதும் மருமகன் பைத்தியமாக அலைகிற கூடைப்பந்தாட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

அவன் அலைகிற பைத்தியத்தைக் காங்கேசன்துறை வரும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தான். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து ஒரு கூட்டாக விளையாடும். அதற்குக் கொன்ஃபரன்ஸ் என்று பெயர். குளிர்காலம் முழுக்க ஒன்றோடொன்று வாராவாரம் மோதும். மார்ச் மாதம் கூட்டிலுள்ள அணிகள் ஒரே நகரத்தில் கூடி விலகல் முறையில் ஒரு சுற்றுப்போட்டி ஆடும். தோற்றவன் வீட்டுக்கு, வென்றவன் அடுத்த நாளும் திடலுக்கு. அதில் கிண்ணம் எடுக்கிற அணிக்கு, அடுத்து நடக்கும் தேசியப் போட்டியில் யாரும் பறிக்க முடியாத ஓரிடம் கிடைக்கும். பருவத்தில் பல ஆட்டம் தோற்ற அணிக்கும் அந்தச் சில நாட்களில் கதவு திறந்திருக்கும்.

"2024இல எங்கட ரீம் பத்தாவது இடம், மாமா. ஒருத்தரும் கணக்கெடுக்கேல்ல. அஞ்சு நாளில அஞ்சு மட்ச். அஞ்சும் வெண்டாங்கள்."

அது உண்மைதான். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆண்கள் அணி அந்த வருடம் வாஷிங்டனில் அத்லாண்டிக் கரையோரக் கூட்டின் கிண்ணத்தை அப்படித்தான் வென்றது. அதோடு நிற்காமல் தேசியப் போட்டியில் கடைசிவரை நின்ற நாலு அணிகளில் ஒன்றாகவும் வந்தது; 1983க்குப் பிறகு அந்த இடத்துக்கு அது வந்ததில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு கொடுமையும் இருந்தது. 1974இல் ஒரு கூட்டிலிருந்து ஓரணிதான் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்று விதி இருந்தது. அதே அத்லாண்டிக் கூட்டின் இறுதியாட்டத்தில் மேலதிக நேரம்வரை இழுத்துப் பிடித்து 103-100 என்று தோற்ற மேரிலாந்துப் பல்கலைக்கழகம், நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாக இருந்தும் வெளியே நின்றது. அடுத்த வருடமே விதியை மாற்றி, போட்டியையும் பெருப்பித்தார்கள். ஒரு நல்ல அணி ஒரே தோல்வியில் விழுந்துபோவது அவர்களுக்கே பொறுக்கவில்லை.

காங்கேசன்துறையில் திரும்பி, தையிட்டி, ஊறணி தாண்டினோம். இடப் பக்கம் கடல். வலப் பக்கம் புதுக் கல்வீடு ஒன்று, அதற்கடுத்து கூரையில்லாத சுவர், அதற்கடுத்து பற்றைக்காடு, பிறகு மறுபடி புது வீடு. ஒழுங்கில்லாத இந்த வரிசையே இங்கே யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்பதற்குக் கணக்கு. மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கரும் 2017 யூலை 3ஆம் திகதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டன. ஊர் வெளியேறி 27 வருடம் கழிந்திருந்தது. ஒரு காலத்தில் வடக்கின் பெரிய மீன்பிடித் துறை இது. கண்ணகி அம்மன் கோயிலும் காணிக்கை மாதா கோயிலும் கொண்ட ஊர். வடபகுதி முழுவதிலுமிருந்து நோயாளர் தேடி வந்த காசநோய் வைத்தியசாலை இருந்த ஊர்.

துறைமுகத்தில் இப்போது கொங்கிறீற் மேடை, நீண்ட அணை, பலநாட் கலங்கள். ஒரு பக்கம், எல்லை தாண்டி வந்தபோது பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் துருவேறி நிற்கின்றன. தங்கள் படகைக் கட்ட இடமில்லை என்று உள்ளூர் மீனவர் புறுபுறுக்கிறார்கள். மூன்றாம் கட்ட அபிவிருத்தி வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி தொடக்கி வைத்தார். அதே நாளில் மண்டைதீவில் சர்வதேச துடுப்பாட்ட மைதானத்துக்கும் வேலை தொடங்கியது. மயிலிட்டி கலைமகள் மகா வித்தியாலயத்தின் பழைய இடமும் 2018இல் இராணுவத்திடமிருந்து திரும்பியது. துறை, பள்ளிக்கூடம், வீதி என்று ஒவ்வொன்றாக வருகிறது. விளையாட்டு எப்போது வரும் என்பதே நான் பார்க்கப் போன விசயம்.

பின்னேரம் வெயில் தாழ்ந்தபோது கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வெளியில் பொடியள் கரப்பந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஓவர் கேம்". யாழ்ப்பாணத்துக் கழகங்கள் அழைப்பிதழில் கரப்பந்தாட்டத்தை "செற்றப்" என்றும் "ஓவர் கேம்" என்றும் இரண்டாகப் பிரித்துப் போடுமே, அதில் பின்னது. வெளியின் மறு அந்தத்தில் பெண் பிள்ளைகள் ஒரு வலைப்பந்துக் கம்பத்தைச் சுற்றி நின்று கோல் போட்டுப் பழகினார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் அயலிலுள்ள ஒரு பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர். பாடசாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் சொன்னது அநேகமாக எல்லாச் சின்னப் பாடசாலைக்கும் பொருந்தும்.

மருமகனின் ரீசேட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி பாஸ்கற்போலோ?" என்றார்.

"ஓம் சேர். இவை வருசத்துக்கு எத்தினை மட்ச் விளையாடுவினம்?"

ஆசிரியர் சிரித்தார். "ஒண்டு."

மருமகன் தனக்குத் தமிழ் விளங்கவில்லை என்று நினைத்து என்னைப் பார்த்தான்.

"உண்மையாத்தான் தம்பி. வலயமட்டத்தில முதல் சுற்றில தோத்தா அதோட அந்த வருசம் சரி. வெண்டா இரண்டு, மூண்டு. வலயத்தில இடம் எடுத்தாத்தானே மாகாணம்? எடுக்காட்டில் அடுத்த வருசம் பாப்பம் எண்டு சொல்லி வீட்ட அனுப்புவன். அடுத்த வருசம் அதுகளுக்கு வயது கூடிப்போம்."

"மற்ற மாசமெல்லாம்?"

"பிராக்டிஸ். ஆரோட விளையாடுறதுக்கு சேர் பிராக்டிஸ் எண்டு பிள்ளையள் கேக்குதுகள். நான் என்னத்தைச் சொல்ல?"

வெளியூர் வாசகருக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இலங்கைப் பாடசாலைகளில் கரப்பந்து, வலைப்பந்து, கூடைப்பந்து, உதைபந்து போன்றவற்றைப் பெருவிளையாட்டுக்கள் என்பார்கள். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். மயிலிட்டி வலிகாமத்தில் அடங்கும். வலயத்தில் வென்றால் மாகாணம், மாகாணத்தில் வென்றால் தேசியமட்டம். ஏணி நேராகத்தான் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் பெரும்பாலும் விலகல் முறை. அமெரிக்கரின் மார்ச் மாதச் சுற்றுப்போட்டியும் விலகல் முறைதான். அதற்குமுன் அவர்களுக்கு ஒரு முழுப் பருவம் இருக்கிறது. இருபது ஆட்டம் ஆடி, தோற்று, திருத்தி, பத்தாவதாக வந்த அணிதான் அந்த ஐந்து நாட்களில் எழுந்து நின்றது. எங்கள் பிள்ளைகளுக்கு விலகல் சுற்றே தொடக்கம், அதுவே முடிவு. ஒரு மணி நேர ஆட்டத்தில் ஒரு வருடம் முடிந்துவிடுகிறது. மயிலிட்டிக் கடலில் ஒருநாள் வெறும் வலையோடு கரைக்கு வந்தவனிடம், இந்த வருடம் இனிக் கடலுக்குப் போகாதே என்று யாராவது சொல்வார்களா?

யாழ்ப்பாணத்தார் இறுதிப்போட்டிப் பிரியர். 1904இல் தொடங்கிய சென். ஜோன்ஸ், யாழ். மத்திய கல்லூரித் துடுப்பாட்டத்துக்கு "வடக்கின் பெருஞ்சமர்" என்று பெயர் வைத்து வருடா வருடம் திரள்கிறோம். கழகங்கள் ஆண்டு நிறைவென்றும், அமரர் ஞாபகார்த்தக் கிண்ணமென்றும் மின்னொளியில் சுற்றுப்போட்டி வைக்கின்றன. அதற்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வருகிறது. கிண்ணத்தின் உயரம் வருடத்துக்கு வருடம் கூடுகிறது. ஆவரங்காலின் கரப்பந்தாட்டமும் குருநகர், நாவாந்துறை, இளவாலையின் உதைபந்தாட்டமும் பேர் எடுத்ததற்குக் காரணம் கிண்ணமல்ல. அந்த ஊர்களில் பின்னேரம் என்றால் ஆட்டம். எதிரே நிற்க எப்போதும் இன்னோர் அணி இருந்தது.

கூடைப்பந்தில் இதற்குச் சாட்சி கிழக்கில் உண்டு. மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரி, கொழும்புப் பெரிய பாடசாலைகளுக்குச் சவாலாகக் கூடைப்பந்தில் தேசியக் கிண்ணங்கள் எடுத்தது. அதன் பின்னே நின்றவர்களில் ஒருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசுசபைத் துறவி. பாடம் சொல்லிக் கொடுத்தார், தொழிற்பயிற்சி நிலையம் நடத்தினார், ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் கூடைப்பந்துக்குப் பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவேயில்லை. அவரோடு போன இளைஞரும் அப்படியே. மயிலிட்டி வெறிச்சோடி ஏறத்தாழ இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அப்போது. வடக்கிலே விளையாடிய ஊர் போயிற்று; கிழக்கிலே விளையாடப் பழக்கியவர் போனார். மிஞ்சியது அவர் பழக்கிய பிள்ளைகள். அவர்கள் பிறகு மற்றவர்களைப் பழக்கினார்கள்.

இருட்டுமுன் மருமகன் ரீசேட்டின் கையை மடித்துவிட்டு அந்த ஒற்றைக் கம்பத்தடியில் நின்று பெண் பிள்ளைகளோடு கோல் போட்டான். கூடைப்பந்து போலப் பின்பலகை இல்லாததால் பந்து வளையத்துக்கு மேலால் பறந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி, "அண்ணா, பலகை இல்லாமப் போட்டுப் பழகுங்கோ" என்றாள். பன்னிரண்டு வயது இருக்கும். பத்து எறிந்து ஒன்பது போட்டாள். அவளுக்கும் அடுத்த வருடம் ஒரே ஓர் ஆட்டம்தான் நிச்சயம்.

ஆசிரியரோடு பேசியதில் தெளிந்த யோசனை பெரிய செலவுக்குரியதல்ல. வலிகாமம் வடக்கில் ஆறோ எட்டோ பாடசாலைகள் சேர வேண்டும். மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை, தெல்லிப்பழை, வசாவிளான் எல்லாம் ஒன்றுக்கொன்று மோட்டார்சைக்கிள் தூரம். சனிக்கிழமைதோறும் ஒருவர் வெளிக்கு மற்றவர் போய் ஆட வேண்டும். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எல்லாரும் ஓரிடத்தில் கூடி விலகல் முறையில் முடிக்கட்டும். எட்டாவதாக வந்த அணிக்கும் அங்கே இடம் கொடுக்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு வாகனத்துக்கு எண்ணெய்க் காசு, இரண்டு பந்து, ஒரு நடுவர், பிள்ளைகளுக்கு மோரும் பணிஸும். வலயமட்டத்துக்குப் போகும்போது அந்த அணியின் கால்களில் பத்து ஆட்டம் ஊறியிருக்கும்.

வெளிநாட்டிலிருக்கிற மயிலிட்டிக்காரருக்கும் வலிகாமத்தாருக்கும் ஒரு சொல். அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குக் காசு கேட்டால், கிண்ணத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். மிச்சக் காசில் பத்துச் சனிக்கிழமைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான் பிடித்துக் கொடுங்கள். முதலில் பருவம் வரட்டும். கிண்ணம் பிறகு தானாக வரும்.