வாளையாறு வரை கேட்கும் ஹாரன்

செவ்வாய்

பட்டனை அமுக்கினால் டக் டக் டக் என்று ரிலே மட்டும் அடித்துக்கொள்கிறது, ஏர் ஹாரன் வாயே திறப்பதில்லை. இன்று கடைக்கு வந்த கிளாசிக் 350-க்கு இதுதான் கம்ப்ளெயின்ட். கொண்டுவந்த தம்பி வெட் கிரைண்டர் சர்வீஸ் செய்கிறவர். கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் அடிக்கடி போய்வருகிற ஆள். “லாரிக்காரன் காதுல நம்ம ஹாரன் விழறதே இல்லீங்கண்ணா. அதான் இதை வாங்கி மாட்டினேன். ஒழுங்கா அடிச்ச நாளே கம்மிங்க” என்றார்.

சாதா ஹாரனுக்குப் பெரிய பசி கிடையாது. உள்ளே ஒரு மின்காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்தில் பாயின்ட் திறந்து கரன்ட் அறுந்துபோகும். தகடு திரும்பி வந்ததும் பாயின்ட் மூடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்த இழுபறிதான் சத்தம். நாலைந்து ஆம்பியர் போதும். ஏர் ஹாரன் வேறு ஜாதி. ஒரு மோட்டார் கம்ப்ரஸரைச் சுழற்றிக் காற்றை ஊதும், அந்தக் காற்று தகட்டை அதிரவைத்துக்கொண்டு குழல் வழியாக வெளியே பாயும். ஓடும்போதே 15 முதல் 20 ஆம்பியர் வரை கேட்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் ரிலே இருக்கிறது, பார்வைக்கு நல்ல ரிலேதான். அடியில் 85, 86, 30, 87 என்று நம்பர் போட்ட நாலு பின். 85-க்கும் 86-க்கும் நடுவே காயில். அதில் கரன்ட் பாய்ந்தால் 30-உம் 87-உம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். 30 பேட்டரியிலிருந்து தனி வயரில் வர வேண்டும், 87 ஹாரனுக்குப் போக வேண்டும். இங்கே மாட்டியவர் 30-ஐப் பழைய ஹாரனுக்கு வந்த வயரிலேயே ஒட்டுப்போட்டு முடித்திருக்கிறார். காயிலுக்கும் அதே வயர், கம்ப்ரஸருக்கும் அதே வயர். ரிலே பேருக்குத்தான் உட்கார்ந்திருக்கிறது.

டக் டக் சத்தத்துக்குக் காரணம் இதுதான். பட்டனை அமுக்கியதும் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறது, ரிலே பிடிக்கிறது. உடனே கம்ப்ரஸர் மொத்தக் கரன்ட்டையும் இழுக்க, அந்த மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் சரிந்துவிடுகிறது. காயிலைப் பிடித்துவைக்கக்கூட மிச்சமில்லாமல் ரிலே விட்டுவிடுகிறது. லோடு அறுந்ததும் வோல்ட்டேஜ் எழும்புகிறது, மறுபடி பிடிக்கிறது. தம்பிக்கு இதை விளக்க எனக்குச் சிரமமே இல்லை. “அரிசியோட கிரைண்டரைப் போட்டா வீட்டு பல்பு மங்குதில்ல?” என்றேன். “ஆமாங்க, வயரிங் பழசா இருந்தா ரொம்ப மங்கும்” என்றார்.

ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தபோதுதான் எரிச்சல் வந்தது. 15 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30. முதலில் ரிலேயே இல்லாமல் நேராக மாட்டியிருக்கிறார்கள், ஃப்யூஸ் போயிருக்கிறது, பெரியதாகப் போட்டுவிட்டார்கள். ஃப்யூஸ் இருப்பது ஹாரனைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. ஹாரன் வயரின் மேல்தோல் விறைத்து, வளைத்தால் நொறுங்குகிறது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் டேங்குக்கு அடியில் புகை வந்திருக்கும்.

புதன்

பழைய ஒட்டுகளை எல்லாம் பிரித்துப் போட்டேன். வெந்துபோன துண்டை வெட்டியெடுத்து அதே கனத்தில் புது வயர் சேர்த்தாயிற்று, 15 ஆம்பியர் ஃப்யூஸும் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டர், அதில் 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 30. ஃப்யூஸைத் தள்ளி வைத்தால் பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் உரசுகிற வயருக்குக் காவல் இருக்காது.

பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயரையும் அப்படியே 85-லும் 86-லும் சொருகிவிட்டேன். சில வண்டிகளில் ஹாரன் ஸ்விட்ச் ப்ளஸ்ஸைக் கொடுக்கும், சிலவற்றில் எர்த்தைக் கொடுக்கும். எது எது என்று மண்டையைக் குடைய வேண்டியதில்லை. பழைய ஹாரன் இருந்த இடத்தில் காயில் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். டயோடு வைத்த ரிலே என்றால் மட்டும் ப்ளஸ் மைனஸ் பார்க்க வேண்டும். அஞ்சு பின் ரிலே வாங்கிவந்து 87ஏ-வில் ஹாரனைக் கொடுக்கிறவர்களும் உண்டு. பட்டனைத் தொடாமலேயே ஊரைக் கூட்டும்.

எல்லாம் முடித்து அமுக்கினால், ரிலே ஒரே ஒரு டக், ஹாரனில் ஈனஸ்வரம். ஹாரனைக் கழற்றிவிட்டு அமுக்கி, வயர் முனைகளில் மீட்டர் வைத்தால் 12.4 காட்டுகிறது. லோடு இல்லாமல் பார்க்கிற வோல்ட்டேஜை நம்பக்கூடாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். ஹாரனைத் திரும்ப மாட்டி, ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஹாரன் மைனஸிலும் வைத்துக்கொண்டு, தம்பியை அமுக்கச் சொன்னேன். ஒழுங்கான எர்த் என்றால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். மூன்றுக்கு மேல் காட்டியது.

ஹாரனோடு வந்த எர்த் வயரை முன்பு மாட்டியவர் கிராஷ் கார்டு போல்ட்டில் முறுக்கியிருந்தார், அடியில் பெயின்ட். லக்கை உருவினால் உள்ளே பச்சை பூத்த செம்பு. பாதி இழைகள் லக்குக்கு வெளியே மடங்கிக் கிடக்கின்றன, மீதியில் இரண்டு மூன்றுதான் உண்மையில் பிடித்திருக்கின்றன. அந்த இழைகள் வழியாக 18 ஆம்பியர் போக வேண்டுமாம். வெட்டி எறிந்துவிட்டு, புது லக்கை அழுத்தி, ஈயம் ஓட்டி, ஸ்லீவ் போட்டு, நேராக பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனேன். இப்போது அமுக்கினால் 0.2. ஹாரன் அடித்தது. எதிர் டீக்கடையில் கிளாஸை ஏந்திக்கொண்டிருந்தவர் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டார்.

வெள்ளி

தம்பி மறுபடி வந்துவிட்டார். நேற்று மழையில் நனைந்த பிறகு கொப்பளிக்கிற மாதிரி சத்தமாம். குழல் வாய் மேலே பார்த்திருந்தது, தண்ணீர் நின்றுவிட்டது. ஏர் கன்னால் ஊதிவிட்டு வாயைக் கொஞ்சம் கீழ்முகமாகத் திருப்பினேன். இரண்டு பக்கமும் ஹேண்டிலை முழுதாக ஒடித்து, ஃபோர்க்கை அழுத்தி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தாயிற்று.

போகாமல் நின்றார். “பார்டர்ல புடிப்பாங்களாண்ணா?” பிடிப்பார்கள். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, அடுத்தடுத்து வெவ்வேறு ஸ்வரத்தில் பாடுகிற ஹாரனும் காதைக் கிழிக்கிற, திடுக்கிட வைக்கிற எந்தக் கருவியும் வண்டியில் கூடாது என்கிறது. கேரளத்தில் 2025-இல் பறிமுதல் செய்த ஏர் ஹாரன்களை வரிசையாகப் பரப்பி ரோடு ரோலரை ஏற்றினார்கள். நம் ஊரிலும் பஸ், லாரிகளில் அவ்வப்போது கழற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டீக்கடையில் நின்றவர் பட்ட பாட்டைப் பார்த்தபின் விதியில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

“பழைய ஹாரன் எங்கே?” என்றேன். சைடு பாக்ஸில் இருந்தது. பேட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டினேன். ஆளுக்கு முகம் மாறிவிட்டது, இவ்வளவு கத்தும் என்று அவருக்குத் தெரியாது. அதையே பழைய வயரில் மாட்டி, ஐட்லிங்கில் வைத்து அமுக்கினால் ஹாரன் முனையில் 9.3 வோல்ட். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டி, ஹெட்லைட்டும் எந்நேரமும் எரிகிறது. பாதி கப்ளர்களில் களிம்பு, ஸ்விட்ச் பாயின்ட்டில் கரி. சத்தம் போதவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஹாரன் சரியாகத்தான் இருக்கிறது, அதற்குச் சோறு போய்ச் சேருவதில்லை. கடைக்காரன் புது ஹாரனை விற்பானே தவிர, கப்ளரைத் துடைத்துத் தர மாட்டான்.

சனி

ஏர் ஹாரனைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் நம்ம ஊர் ரூட்ஸ் கம்பெனி வின்ட்டோன் ஜோடி. ஒன்று ஹை, ஒன்று லோ. நத்தை ஓட்டு மாதிரி சுருண்ட குழல். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும், மாறி மாறிப் பாடாது. ஜோடி சேர்ந்து இழுப்பது ஏர் ஹாரன் இழுப்பதில் ஏறக்குறைய பாதி. புதன்கிழமை இழுத்த வயர் அப்படியே உதவியது, புது லைனில் 20-ஐ எடுத்துவிட்டு 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டேன். என்ஜின் ஓடும்போது, அமுக்கிப் பிடித்தபடி, ஹாரன் முனையில் 13.1. ரிலே காயிலுக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லாததால் ஹேண்டில் ஸ்விட்சும் இனிமேல் கருகாது.

கழற்றிய ஏர் ஹாரனைப் பையில் போட்டுக்கொண்டே, “தோட்டத்துல பன்னி விரட்ட ஆகுமுங்களா?” என்று கேட்டார். மாமனாருக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் வாழைத்தோட்டம். ஒரு பழைய 12 வோல்ட் பேட்டரியும் ஒரு ரிலேயும் ஒரு புஷ் பட்டனும் இருந்தால் ஆகும், ஆனால் மலையோரத்தில் யானை நிற்கும்போது அடித்து வைக்க வேண்டாம் என்றேன். வண்டியில் நான் மாற்றிவிட்ட பழைய ரிலேயையும் கேட்டார். அதைக் கொடுக்கவில்லை. டக் டக் என்று அடித்தே உள்ளே பாயின்ட் தீய்ந்திருந்தது. ஒட்டிக்கொண்டால் ராத்திரியில் போய் நிறுத்த ஆள் இருக்காது.